முதுகு மண்ணில் பட்டதும்

1950களின் நடுவில் ஒரு சித்திரை மாதம் நடந்தது இது. எங்களுக்கு ஊர் அரிமளம். ஒரு வயது மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், உடம்பு அனலாகக் கொதித்தது. மச்சானுடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய் டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்கினேன். வேளைக்கு எவ்வளவு என்று காட்டக் காகிதம் ஒட்டி, தக்கை அடைத்த மிக்சர் மருந்து பாட்டில். அதைத் துணிப்பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன்.

மத்தியான வெயில். சாலையில் ஈ காக்கை இல்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் தடியோடு எழுந்து வந்து சைக்கிளை மறித்தான். "சைக்கிள விட்டுட்டு அங்கிட்டு ஓடிரு" என்றான்.

கல்யாணத்துக்கு முன் நாலைந்து வருஷம் குஸ்தி பழகியவன் நான். ஆனால் குஸ்திக் கொட்டகைக்கு வெளியே யார்மேலும் கை வைத்ததில்லை. அவன் தடியை ஓங்கினான். என் உடம்பு தானாகவே உள்ளே புகுந்து, அவன் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கிப் போட்டது. மல்லாக்க விழுந்தவனை இரண்டு தோளும் மண்ணில் படும்படி அமுக்கினேன். எனக்கே நம்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. ஜெயித்தவன் எழுந்து, தோற்றவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். நானும் எழுந்தேன். கையை நீட்டினேன்.

அவன் திருதிருவென்று விழித்தான். "எதுக்குடா எந்திரிச்சே?" என்று கேட்டான். நான் நீட்டிய கையை மடக்கவில்லை. என் கையைப் பிடித்து எழுந்தான், வேட்டியில் மண்ணைத் தட்டினான், சைக்கிளில் ஏறி எங்கள் ஊர்ப்பக்கமாகவே போய்விட்டான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மருந்தும் அதோடு போகிறது என்று உறைத்தபோது அவன் வளைவு தாண்டியிருந்தான். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று அழுதுகொண்டே ஓடினேன்.

வளைவுக்கு அப்பால் ஒரு மைல் கல். அதன்மேல் பாட்டில் நின்றது. தக்கைகூடக் கழலவில்லை. பையும் இல்லை, சைக்கிளும் இல்லை, ஆளும் இல்லை. அதை எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் மகளுக்கு மருந்தைப் புகட்டிவிட்டுத்தான் மனைவி கதையைக் கேட்டாள். "திருடனத் தூக்கிவிட்டு வழியனுப்பி வேற வச்சீங்களாக்கும். எங்க அண்ணனுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?" என்றாள். மச்சான் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மகளுக்கு மறுநாளே காய்ச்சல் இறங்கிவிட்டது.

மருந்தை மட்டும் விட்டுப்போனானே, அவனுக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருந்ததோ என்னவோ. அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் என் கண் அந்தக் கல்லைத் தேடும். அன்று என் மகளைக் காப்பாற்றியது நான் போட்ட பிடியா, நீட்டிய கையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.