ஒரே ஒரு நோயாளி

ஆஸ்பத்திரிகளுக்காக நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் கம்பெனி அது. அங்கே அவளை எல்லாரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். தட்டச்சில் அவ்வளவு வேகம். பேசிக்கொண்டே தட்டுவாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தட்டுவாள், ஓர் எழுத்து பிசகாது. அப்புறம் நோயாளிகளே தங்கள் போனில் விவரங்களைத் தட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். மேலிடம் ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பெரிய மனசு பண்ணுவதுபோல ஒரு வழி சொன்னது. புரோகிராம் எழுதும் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படிக்க வேண்டும், கடைசியில் பரீட்சை. தேறினால் அந்தப் பிரிவில் இடம், தேறாவிட்டால் அந்த மாசத்தோடு வேலை முடிந்தது. இடம் கொஞ்சம்தான் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைத்தார்கள்.

வேலை போனால் வேறு வேலை தேடலாம், அதற்கு அவள் அஞ்சவில்லை. பயம் வேறு. வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். அந்தச் செலவைக் கட்டுவது கம்பெனியின் மருத்துவக் காப்பீடு. அவள் வேலை இருக்கிறவரைக்கும் அவர் இருப்பார். சுற்றி வளைக்காமல் சொன்னால் விஷயம் இவ்வளவுதான்.

வகுப்பு எடுக்க வந்தவருக்கு அவள் வயதில் பாதிகூட இருக்காது. நல்ல பிள்ளை, யாரையும் மட்டம் தட்டவில்லை. "கிளாஸ்ங்கறது செங்கல் அச்சு மாதிரி மேடம். அதுலேர்ந்து எடுக்கற ஒவ்வொரு கல்லும் ஒரு ஆப்ஜெக்ட்" என்றார். நோயாளி என்று ஒரு கிளாஸ் எழுதினால் போதும், அதை வைத்து எத்தனை நோயாளியை வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளலாம். அவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. எழுதிப் பார்க்கும்போதுதான் திரை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பிழை வந்து நின்றது.

பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பல வருஷமாகச் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து பஸ் ஏறுகிறவள். "எல்லாத்துக்கும் முன்னாடி ஸ்டாட்டிக்னு போட்டுடு. நானும் அப்படித்தான் போட்டேன், கம்முனு ஆயிடுச்சு."

போட்டாள். கம்மென்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து கை தானாக அந்தச் சொல்லைப் போட்டது.

வீட்டில் பயிற்சி செய்யும்போது அவரையே நோயாளியாக வைத்து எழுதுவாள். பெயர், வயது, ரத்த வகை. ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக வரும். படுத்த இடத்திலிருந்தே அவர், "நான் நல்லா இருக்கேனா அதுல?" என்று கேட்பார். "வெளியிலதான் சரியில்ல, உள்ள நல்லாத்தான் இருக்கீங்க" என்பாள். இரண்டாவதாக இன்னொரு நோயாளியை உருவாக்கிப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் வீட்டில் இருந்த நோயாளி ஒருவர்தானே.

ஒரு வகுப்பு மட்டும் தவறிப்போயிற்று, அன்று அவருக்கு மெஷினில் மூச்சு முட்டிவிட்டது. "நீ போ, நடத்தினதை நான் சொல்றேன்" என்று பக்கத்து சீட்டுக்காரிதான் அனுப்பி வைத்தாள். மறுநாள் கேட்டதற்கு, "பெருசா ஒண்ணும் நடத்தல" என்றாள்.

பரீட்சைக் கேள்வி அவளுக்கென்றே எடுத்ததுபோல இருந்தது. மூன்று நோயாளிகளை உருவாக்கி, மூவரின் விவரத்தையும் திரையில் காட்ட வேண்டும். மற்றவர்கள் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் அவள் எழுதி முடித்து ஓட்டினாள். மூன்று இடத்திலும் மூன்றாவது ஆளின் பெயரே வந்தது. மூன்று பேருக்கும் ஒரே வயது, ஒரே ரத்தம்.

சிவப்பு எங்கேயும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்த தவறு எல்லாம் தட்டச்சுத் தவறு. எங்கோ ஓர் எழுத்து பிசகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தாள். அதே மூன்றாவது ஆள். மறுபடி அழித்தாள், மறுபடி அடித்தாள். அந்த அறையில் அவளைப்போல வேகமாகவும் சுத்தமாகவும் அடித்தவர்கள் யாரும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லையும் சேர்த்தே சுத்தமாக அடித்துக்கொண்டிருந்தாள், பாவி.

நேரம் முடிந்ததும் பயிற்சியாளர் திரையைப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"ஸ்டாட்டிக் போட்டா அந்த விவரம் எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும் பொதுவா ஒண்ணுதான் இருக்கும் மேடம். கடைசியா எழுதினது முன்னாடி இருந்ததை அழிச்சிடும். ஒரு வகுப்பு முழுக்க இதைத்தானே சொன்னேன்."

"எந்த வகுப்புல?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. பக்கத்துத் திரையில் மூன்று நோயாளிகள் மூன்று பெயரோடு வரிசையாக இருந்தார்கள். அந்தத் திரைக்குச் சொந்தக்காரி தலையைக் குனிந்துகொண்டு கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். மின்னல் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அவளுக்கு அதற்குத் தெம்பில்லை. அன்றைக்கு பஸ்ஸில் தனியாக வந்தாள்.

வீட்டில் அவர் விழித்துத்தான் இருந்தார். முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"காப்பீடு எதுவரைக்கும்?"

"மாசக் கடைசி வரைக்கும்."

காய்கறி வாங்கி வரச் சொல்கிற குரலில் அவர் சொன்னார்: "வாரத்துக்கு ஒரு தடவை போனா போதுமான்னு டாக்டரைக் கேட்டுப் பாரு. கையில இருக்கறதை வச்சு அதை ஓட்டலாம்."

ஒரு தடவை போனால் என்ன ஆகும் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார், இருவரையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு. அது அவருக்கும் தெரியும்.

பஸ்ஸில் அவள் யோசித்துக்கொண்டு வந்ததும் இதையேதான். எப்படி வாயைத் திறந்து சொல்வது என்று வழியெல்லாம் மருகிக்கொண்டு வந்திருந்தாள். இப்போது அவரே சொல்லிவிட்டார். நெஞ்சில் முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. அதை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"கேக்கறேன்" என்றாள்.