எண் இல்லாத நிலம்

ரவாங் பட்டணத்தில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கணினியில் நிலவரைபடம் செய்வதுதான் வேலை. கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு சாலையை அகலப்படுத்தப் போவதாகவும், அந்தப் பாதையில் என்னென்ன அடிபடும் என்று காட்டும் வரைபடம் வேண்டும் என்றும் சாலைத் துறையினர் கேட்டிருந்தார்கள். வரைபடத்தில் இருக்கும் இடங்களுக்குத்தான் அறிவிப்பு போகும். இல்லாத இடத்துக்கு நேராக இயந்திரம்தான் போகும்.

என் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். தஞ்சோங் காராங் போகும் வழியில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தபோது அவர் குடும்பம் ரவாங்குக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பே இறந்துபோன அம்மா மட்டும் தோட்டத்து இடுகாட்டில் தங்கிவிட்டார்.

வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதிவைத்த பைத்தான் மொழி நிரலைத்தான் பயன்படுத்தினோம். அது இரண்டு கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும். முதல் கட்டளை, சாலைப் பாதை தொடுகிற நிலங்களைக் கண்டுபிடித்து, நிலப்பதிவில் அவற்றுக்கு இருக்கும் லாட் எண்களை வரிக்கு ஒன்றாகத் தரும். நிரல் அதை வாங்கித் தனித்தனியாகப் பிரித்து இரண்டாவது கட்டளையிடம் கொடுக்கும். அது அந்த நிலங்களை வரைந்துவிடும். எந்தக் குறையும் சொல்லாமல் ஓடி முடிந்தது. அச்செடுத்து மேசையில் விரித்தேன்.

அண்ணன் குனிந்து சாலைப் பாதையை விரலால் தொடர்ந்துகொண்டே வந்தார். செம்பனை மரத் தோட்டங்களுக்கு நடுவே வெறுமையாக இருந்த ஓர் இடத்தில் விரலை நிறுத்தினார்.

“இங்க எங்கம்மாவ காணோம்மா.”

மூல வரைபடத்தைத் திறந்து பார்த்தோம். இடுகாடு அதில் ஒழுங்காக இருந்தது. சாலைப் பாதை அதன் ஓர் ஓரத்தின்மேல் போயிற்று. அப்படியானால் முதல் கட்டளை அதைக் கண்டிருக்க வேண்டும். அது தந்ததை அப்படியே திரையில் கொட்டிப் பார்த்தேன். எண்களுக்கு நடுவே சில வரிகள் காலியாக இருந்தன.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கிடைத்திருக்கிறது. இடுகாட்டை யாரும் வாங்கவில்லை. அதற்கு எண்ணும் இல்லை. முதல் கட்டளை கண்டுபிடித்து வெற்று வரியாகத் தந்ததை, பிரிக்கும்போது நிரல் விழுங்கிவிட்டது. இரண்டாவது கட்டளைக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது.

மென்பொருள் தன் வசதிக்காக ஒவ்வொரு வடிவத்துக்கும் உள்ளுக்குள் ஓர் எண் கொடுத்திருக்கும். நிலம் யாருடையதானாலும் அது இருக்கும். லாட் எண்ணுக்குப் பதிலாக அதை அனுப்பும்படி நிரலை மாற்றினேன். நான் தட்டச்சு செய்து முடிக்கும்வரை அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகிலேயே இருந்தார். மறுபடி ஓட்டியபோது இடுகாடு வந்தது. கால்வாய்க் கரையில் இருந்த முனீஸ்வரர் கோயிலும் கூடவே வந்தது.

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. சொந்தக்காரர் இல்லாத நிலத்துக்கு யாருக்கு அறிவிப்பு அனுப்புவார்கள், வீண் சிக்கல், எடுத்துவிடுங்கள் என்றார். அண்ணன் அவரிடம் எதிர்த்துப் பேசி அதுவரை நான் பார்த்ததில்லை. அன்று பேசினார்.

“சொந்தக்காரங்க இல்லன்னு யாரு பாஸ் சொன்னா? நான் இருக்கேன்லா.”

முதலாளி வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அப்படியே அனுப்புங்கள், இடுகாடு என்று தெளிவாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பாதை மாறவில்லை. ஆனால் இடுகாட்டு வாசலில் அறிவிப்புப் பலகை வைத்தார்கள். கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும்கூட ஆட்கள் வந்து தங்கள் பெரியவர்களைத் தேடினார்கள். சாலையோரத்து வரிசையை மட்டும் வேறிடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. அண்ணனின் அம்மா அந்த வரிசையில்தான்.

அம்மாவைத் தோண்டி எடுத்த காலையில் நானும் போயிருந்தேன். இயந்திரம் வேண்டாம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டதால் மண்வெட்டியால்தான் தோண்டினார்கள். மாதாகோயிலிலிருந்து அண்ணன் அழைத்து வந்திருந்த பாதிரியார் ஜெபித்தார். கிடைத்த எலும்பு கொஞ்சம்தான். வெள்ளைத் துணியில் அண்ணனே வாங்கி, மரப்பெட்டியில் வைத்து மூடினார். அழவில்லை. கைமட்டும் பெட்டியைவிட்டு வரவில்லை.

கோல சிலாங்கூரில் மாதாகோயில் கல்லறையில் இடம் கிடைத்திருந்தது. என் காரில்தான் போனோம். பெட்டி அவர் மடியில் இருந்தது. வயல் தொடங்கும் இடத்தில் அவர் பேசினார்.

“அம்மா கார்ல ஏறுனதே இல்லம்மா. மெதுவா போ. பாத்துக்கிட்டே வரட்டும்.”

வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போனான். அண்ணன் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டார்.