போனில் சேர்த்த இரண்டாவது மொழி

"ஆவணி, வளர்பிறை ஞாயிறு, முற்பகல். எங்கள் வீட்டு முன்னறை. பேசியவர்கள்: தம்பி, தம்பி பெண்டாட்டி, அரக்கோணத்திலிருந்து வந்தவர், அவருடைய அக்கா, அக்காவின் கணவர்."

என் போனில் சேமித்து வைத்திருக்கும் ஓர் உரையாடலுக்கு நான் போட்ட தலைப்பு இது. நாளும் இடமும் குறிக்காமல் நான் எதையும் வைத்துக்கொள்வதில்லை. உரையாடலை எழுதியது நான் அல்ல. பக்கத்தில் யார் பேசினாலும் அதை எழுத்தாக்கித் திரையில் காட்டும் ஒரு செயலி எழுதியது. எனக்குக் காது கேட்காது.

பிறவிச் செவிடு இல்லை. பள்ளிக்கூடம் நிறுத்திய வருடமே விசைத்தறிக் கொட்டகையில் தார் சுற்ற, அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்க, உட்கார்ந்தேன். தறிச் சத்தம் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முப்பது வயதுக்குள் முழுதும் போய்விட்டது. காதில் மாட்டும் கருவியையும் வாங்கிப் பார்த்தேன். அது தறிச் சத்தத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தது. கழற்றி வைத்துவிட்டேன்.

கொட்டகையில் வேலை செய்கிற எல்லோருக்கும் வாயசைவு பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பேசுகிறவர் முகத்தைக் காட்ட வேண்டும். என் தம்பி பெண்டாட்டிக்கு என்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முந்தானை வாய்க்கு வந்துவிடும். அவள் ஆந்திரப் பக்கத்துப் பெண். வந்த நாளிலிருந்து என் காது அவள்தான். யார் வந்தாலும், யார் போன் செய்தாலும், அவர்கள் சொன்னதை என் முகத்துக்கு நேரே நின்று, உதடு குவித்து, கையை ஆட்டி அவள்தான் சொல்லுவாள். அவள் சொன்னதுதான் எனக்கு உலகம் சொன்னது.

இந்தச் செயலியைப் பற்றி கிளை நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்தேன். அன்று மாலையே போனில் இறக்கிக்கொண்டேன். முதலில் அது வேடிக்கைப் பொருளாக இருந்தது. தம்பி பெண்டாட்டி போன் அருகே குனிந்து, "வதினா, சாப்டீங்களா?" என்றாள். வதினா என்றால் நாத்தனார். திரை சரியாக எழுதியது. அடுத்து தெலுங்கில், "கூரலோ உப்பு லேது" என்றாள். குழம்பில் உப்பில்லை என்று அர்த்தம். திரை, "கூரை ஓரம் உப்பு லேசு" என்று எழுதியது. என் தம்பி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டான். அவள் அதன்பின் எத்தனையோ தெலுங்கு வாக்கியம் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் கந்தல். "உன் போனுக்குத் தெலுங்கு வராதுக்கா," என்று தம்பி உதட்டை அசைத்துச் சொன்னான்.

அன்று முதல் அந்த வீட்டில் எனக்குத் தெரியக்கூடாதது எல்லாம் தெலுங்கில் போனது. தெலுங்கு வாயசைவு எனக்குப் பிடிபடாது என்பதால் முந்தானைகூட வேண்டியிருக்கவில்லை. போன் மேஜைமேல் இருக்கும், அவர்கள் இரண்டு பேரும் என் எதிரிலேயே உட்கார்ந்து பேசிகினு இருப்பார்கள். திரையில் குப்பை குப்பையாகத் தமிழ் ஓடும். நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன்.

செயலியின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. அதில் இரண்டாவது மொழி என்று ஓர் இடம் இருந்தது. தெலுங்கைச் சேர்த்தேன். இனி தெலுங்கு பேசினால் தெலுங்கு எழுத்திலேயே வரும். அதை என்னால் படிக்க முடியும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய, படிக்கிறவர்கள் குறைவு. காது இருந்தவரை கேட்டுப் பழகியதில் அர்த்தம் எனக்கும் தெரியும். என் தம்பிக்குத் தெலுங்கில் ஓர் எழுத்தும் தெரியாது. நானோ காது போன பிறகு, கண்ணில் பட்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தவள். திருப்பதி பஸ்களின் பெயர்ப்பலகையில் தமிழும் தெலுங்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பஸ் ஸ்டாண்டில் நின்று ஒப்பிட்டு ஒப்பிட்டு எழுத்துப் பழகினேன். பிறகு உறவுக்காரர்களின் கல்யாணப் பத்திரிகைகள், நாள்காட்டிகள், கடைசியில் கதைப் புத்தகங்கள்.

சேர்த்ததை யாருக்கும் சொல்லவில்லை. காத்திருந்தேன்.

ஆவணியில் அரக்கோணத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, மனைவி இறந்தவர், என்னைவிட இரண்டொரு வயது கூடுதல். கூட அவருடைய அக்காவும் அக்காவின் கணவரும் வந்தார்கள். அக்காவை ஆந்திரத்தில் நகரிப் பக்கம் கொடுத்திருந்தார்கள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறவர். நாற்பது தாண்டிய எனக்கு இனி இப்படி ஒரு வரன் வராது என்பது எனக்குத் தெரியும். நான் போய்விட்டால் வீட்டுக்குப் பின்னால் ஓடும் தறிகளுக்குத் தார் சுற்ற ஆள் வைக்க வேண்டும் என்பது என் தம்பிக்குத் தெரியும்.

போனை வழக்கம்போல் மேஜைமேல், வடைத் தட்டுக்குப் பக்கத்தில், திரை எனக்கு மட்டும் தெரியும்படி வைத்தேன். செயலி யார் பேசினார்கள் என்று பிரித்துக் காட்டாது, வாய்களைப் பார்த்து நான்தான் பொருத்திக்கொள்ள வேண்டும். அன்று பொருத்துவது சுலபமாக இருந்தது. தமிழ் எல்லாம் உபசாரம். தெலுங்கு எல்லாம் விஷம்.

"வடை எடுத்துக்கோங்கம்மா, வதினா கையாலே சுட்டது," என்று தமிழில் வந்தது. அடுத்த வரி தெலுங்கில்: காது மட்டும் என்று நினைக்காதீர்கள், தல சரிகா லேது. தலையும் சரியில்லை. மறுபடி தமிழ்: "இன்னொண்ணு வெச்சிக்கோங்க." மறுபடி தெலுங்கு: ராத்திரியில் எழுந்து தனியாகப் பேசுவாள், நாங்கள் வெளியே சொல்வதில்லை, எங்கள் தலையெழுத்து, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பேசும்போதெல்லாம் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வந்தவரின் அக்கா என் தம்பியைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "நிஜமா தம்பி?"

திரை "ஆம்" என்று எழுதியது. செயலி சில சொற்களைத் திருத்தி எழுதும். என் தம்பி "ஆங்" என்றுதான் சொல்லியிருப்பான். பெண்டாட்டி சொன்ன அத்தனையும் ஒரு பக்கம், அந்த ஒரு சொல் ஒரு பக்கம். அவளைவிட அவன்மேல்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பிறகு அவள் எழுந்து வந்து, என் முகத்துக்கு நேரே நின்று, வந்தவர்களுக்கு முதுகைக் காட்டி, சத்தமில்லாமல் உதடு குவித்து, கையை விரித்துக் காட்டினாள். "அவங்களுக்கு ஒத்து வராதாம் வதினா. வருத்தப்படாதீங்க."

அவர்கள் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. திரையில் அப்படி ஒரு வரி இல்லை.

நான் போனைக் கையில் எடுத்தேன். எழுந்து நின்றேன். முதல் வரியிலிருந்து படித்தேன். தமிழைத் தமிழிலும், தெலுங்கைத் தெலுங்கிலும், வடையையும் விடாமல். என் குரல் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டுக்காரி குடத்தோடு வாசலில் வந்து நின்றாள். நான் அவசரப்படவில்லை. "தல சரிகா லேது" என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். "ஆம்" என்ற இடத்தில் நிறுத்தி, என் தம்பியைப் பார்த்து, மறுபடி படித்தேன்.

தம்பி பெண்டாட்டியின் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

"ராத்திரியிலே தூக்கத்துலே பேசறது நான் இல்லைம்மா," என்று வந்தவரின் அக்காவிடம் சொன்னேன். "இவ புருஷன். அதையும் எனக்குச் சொன்னவ இவதான்."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் தோள்கள் குலுங்கின. போனை நோக்கிக் குனிந்து சொன்னார். திரையில் வந்தது: "மெதுவாச் சொல்லும்மா, எங்களுக்குக் காது கேக்குது."

அதுவரை வாயே திறக்காத அவர், அந்த அரக்கோணத்துக்காரர், என் கையிலிருந்த போனின் அருகே வந்தார். தயங்கித் தயங்கிப் பேசினார். அதனால் எழுத்தும் தயங்கித் தயங்கி வந்தது. "உங்களுக்கு. இஷ்டமா. நீங்க சொல்லுங்க."

அந்த வீட்டில் அந்தக் கேள்வி என்னிடம் நேராக வந்தது அதுதான் முதல் தடவை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். புரட்டாசி பிறப்பதற்குள் சம்மதம் என்று செய்தி அனுப்பினேன். வருகிற தையில் மலைக்கோயிலில் கல்யாணம்.

அன்றிலிருந்து நான் தார் சுற்றவில்லை. தறிகள் பாதி நாள் நின்றுகினு கிடக்கின்றன. தம்பி என்னிடம் வந்து ஏதோ சொன்னான். நான் போனை எடுக்கவில்லை. அவன் வாயையும் பார்க்கவில்லை. சொல்லி முடித்துவிட்டுப் போனான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளப் போவதும் இல்லை. வீட்டில் இப்போது இரண்டு மொழியிலும் பேச்சில்லை. போனை எந்த அறையில் வைத்தாலும் அந்த அறை காலியாகிவிடுகிறது. அதனால் தினம் ஓர் அறையில் வைக்கிறேன்.

கல்யாணப் பத்திரிகையை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் தெலுங்கிலும் அடிக்கச் சொன்னேன். தெலுங்குப் பக்கத்தை நானே எழுதிக் கொடுத்தேன். முதல் பத்திரிகை தம்பி பெண்டாட்டிக்கு. தெலுங்குப் பக்கத்தைத் திருப்பி நீட்டி, "தப்பு இருந்தா சொல்லும்மா," என்றேன். வாங்கிக்கொண்டாள். தப்பு எதுவும் சொல்லவில்லை.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி. பல வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி உத்திரத்துக்கு அடுத்த நாள், ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒருவர் வீட்டாரோடு என்னைப் பெண் பார்க்க வந்தார். அப்போது இந்தப் போன் இல்லை. அவர்கள் போன பிறகு தம்பி பெண்டாட்டி இதேபோல் நின்று, இதேபோல் கையை விரித்தாள். என் குறிப்பில் அன்று, "மறுத்துவிட்டார்கள்" என்று எழுதினேன்.

போன வாரம் டவுன் பஸ் ஏறி ஆர்.கே.பேட்டைக்குப் போனேன். அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள். பழைய குடும்பம் எங்கே போனது என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவர் முன்னும் போனை நீட்டிக் கேட்டேன், "தெரியாதுங்க" என்றே எழுதியது. திரும்பி வந்து அந்தப் பழைய வரியை அடித்துவிட்டு, "மறுத்துவிட்டதாகத் தம்பி பெண்டாட்டி சொன்னாள்" என்று மாற்றினேன். அவர்கள் உண்மையில் மறுத்தார்களா என்பது இதை எழுதும் இந்தக் கார்த்திகை வரை சரிபார்க்கப்படவில்லை.