எல்லோருக்கும் ஒரே பள்ளம்

பிலேந்திரன் அண்ணை ஒரு சறுக்குச் சப்பாத்தைத் தீட்டி முடித்ததும், அதன் அலகை இடதுகைப் பெருவிரல் நகத்தில் ஒருமுறை இழுப்பார். நகத்திலிருந்து வெள்ளையாகத் தூள் சுரண்டுப்பட்டு வந்தால்தான் சப்பாத்து வெளியே போகும். ஒஸ்லோவில் இந்த ஐஸ் ஹொக்கி மண்டபத்தை நான் துடைக்கத் தொடங்கி ஒன்பது வருடம். அந்த நகம் ஒழுங்காக இருந்து நான் கண்டதில்லை.

நகரின் ஓரத்திலுள்ள வெஸ்ட்லியிலிருந்து முதல் ரயிலில் வருவார். வயது ஐம்பத்திரண்டு, சறுக்கத் தெரியாது. "பெடியள் விழுந்தா எழும்புவாங்கள். நான் விழுந்தா அம்புலன்ஸ்தான், தங்கச்சி."

ஒவ்வொரு சப்பாத்தின் நாக்கிலும் வெள்ளை நாடா ஒட்டி, ஆட்டக்காரனின் முதலெழுத்தைத் தமிழில் எழுதுவார். கீழே அவனுக்குரிய பள்ளத்தின் அளவு. அலகின் அடியில் நீளத்துக்கு ஒரு பள்ளம் உண்டு. பாரமானவனுக்கு அது ஆழமாக இருந்தால் ஐஸைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். அணித்தலைவன் ஊலெ தொண்ணூற்றெட்டுக் கிலோ. தமிழில் அவனுக்குத் தெரிந்த ஒரே எழுத்து 'ஊ'.

ஐஸ் ஹொக்கி அணி சம்பளத்துக்கு ஆடத் தொடங்கி இது இரண்டாவது பருவம். எல்லோருக்கும் இருபது, இருபத்தொரு வயது. ஒரு ஞாயிறு ஏழு கோல் அடிப்பார்கள். அடுத்த ஞாயிறு ஏழு வாங்குவார்கள். 2007 மார்கழியில் தொடர்ந்து நான்கு தோல்வி. புதுப் பயிற்சியாளர் தீட்டும் அறைக்கு வந்தார். நான் வாசலில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எல்லோருக்கும் ஒரே பள்ளம். ஆழமாக," என்றார் நோர்வேஜிய மொழியில்.

"ஊலெ பாரம். எங்கள் ஐஸ் மெது. மாட்டும்," என்றார் அண்ணை, தனக்குத் தெரிந்த அளவில்.

"நீ தீட்டு. யோசிக்க நான் இருக்கிறேன்."

தீட்டினார். அன்றைய ஆட்டத்தில் ஊலெ மூன்று முறை குப்புற விழுந்தான். ஒன்றுக்கு ஆறு என்று தோற்றோம். மறுநாள் பத்திரிகையில் பயிற்சியாளர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்: சப்பாத்துகள் ஒழுங்காகத் தீட்டப்படவில்லையாம். கூசாமல் சொல்லியிருந்தார்.

நிர்வாகம் அண்ணையைக் கூப்பிட்டு விசாரித்தது. பயிற்சியாளர் சொல்லித்தான் அப்படித் தீட்டியதென்று அவர் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் அண்ணை சொல்லேல்லை? அந்தாள் சொன்னதை நானும் கேட்டனான். நான் வந்து சொல்லுறன்."

"ஒருத்தரோடையும் கதைக்காத ஆள் நீர். இப்ப சாட்சி சொல்ல வெளிக்கிட்டீரோ?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தாள் பொய்யன் எண்டு தெரிஞ்சா பெடியள் அந்தாளின்ரை சொல்லுக் கேப்பாங்களே? இன்னும் அரைவாசி ஆட்டம் கிடக்கு."

"அப்ப உங்கடை பேர் நாறட்டுமோ?"

"பருவம் முடியட்டும், தங்கச்சி. அதுவரைக்கும் பேசாமல் இரும்."

பருவம் முடிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

அணி எட்டாம் இடம். பயிற்சியாளருக்கு இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். சப்பாத்துகள் இப்போது தீட்ட நகரத்துக் கடையொன்றுக்குப் போகின்றன. அண்ணையைத் தீட்ட விடுவதில்லை; துவாய் மடிக்கிறார். தண்ணீர்ப் போத்தல் நிரப்புகிறார். கடையில் தீட்டியது சரிவராத நாட்களில் ஊலெ தன் சப்பாத்துகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டுகிறான். அண்ணை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.