இருபத்தொன்றைத் தேடிய எங்கள் அக்கா

சென்ற ஆண்டு தவக்காலம் தொடங்கிய வாரத்தில் எங்கள் அக்கா ஆண்டவரின் இல்லம் சேர்ந்தார். முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து எங்களோடு செபித்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்தச் சில பக்கங்களை அன்போடு கையளிக்கிறோம். அக்காவின் நற்குணங்களை நீங்கள் அறிவீர்கள். ஆனால் எந்தப் பூவைக் கண்டாலும் அவர் ஏன் நின்று, உதட்டை அசைத்து எண்ணினார் என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லவே அவருடைய ஒரே தம்பியாகிய நான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது இராயபுரத்தில், கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில் இருந்த ஓர் ஓட்டு வீட்டில். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். அக்கா எட்டாம் வகுப்பில் இருந்தபோது அம்மா காமாலை கண்டு இறந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. மறு வாரமே அக்காவின் படிப்பு நின்றது. கணக்கில் வகுப்பிலேயே முதலாக வந்தவர் அவர். பள்ளியிலிருந்து கன்னியாஸ்திரீ ஒருவர் வீடு தேடி வந்து அப்பாவிடம் மன்றாடினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்காதான், "இவனுக்கு யாரு சிஸ்டர் சோறு ஆக்குவாங்க?" என்று கேட்டு அவரை அனுப்பிவைத்தார். பின்னாளில் ஒருமுறைகூட அதை அவர் எனக்குச் சொல்லிக்காட்டியதில்லை.

இருபது வயதில் அக்காவைத் திருவொற்றியூரில் கட்டிக்கொடுத்தோம். அத்தான் நெடுஞ்சாலை ஓரம் தள்ளுவண்டியில் பழம் விற்றார். அதிகம் பேசாதவர். மூன்றாம் ஆண்டு ஆண் குழந்தை பிறந்து, இரண்டே நாளில் போய்விட்டது. ஞானஸ்நானம் கொடுக்க மட்டும்தான் நேரமிருந்தது.

அதன்பின் அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். சமைப்பார், துவைப்பார், ஞாயிறு பூசைக்கு வருவார், வாயைத் திறக்கமாட்டார். நான் அப்போது ஃபிட்டர் வேலை படித்துக்கொண்டிருந்தேன். மாலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நான் ஏதாவது சொன்னால் தலையசைப்பார். இப்படியே மூன்று மாதம் போயிற்று.

ஒரு நாள் அத்தான், "வூட்ல தனியா குந்திகினு இருக்காதம்மே. வண்டியாண்ட வா. ஒரு கை ஒத்தாசையா இருக்கும்" என்று அழைத்துப்போனார். அன்னாசிப் பழம் நிறைய வரும் பருவம் அது. தோலைச் சீவினாலும் பழத்தில் கண்கள் நிற்கும். ஒவ்வொரு கண்ணாகத் தோண்டினால் பழம் வீணாகும். சாய்ந்து ஓடும் வரிசையோடு கத்தியை இழுத்தால் கண்கள் அப்படியே கழன்றுவரும். அத்தான் இரண்டு பழம் சீவிக் காட்டிவிட்டுக் கத்தியை அக்காவின் கையில் கொடுத்தார்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, நானும் வண்டியருகே இருந்தேன். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாங்க, இது ஏன் எல்லாப் பழத்துலயும் எட்டு வரிசையாவே கீது?"

அத்தான் அப்படியே நின்றுவிட்டார். கேள்வி அவருக்கு விளங்கவில்லை. மனைவி பேசிவிட்டார் என்பது விளங்கியது. "எனக்குத் தெர்லியே. இன்னொண்ண எண்ணிப் பாரு" என்று, இருந்ததிலேயே நல்ல பழமாக எடுத்து நீட்டினார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

அன்று முதல் அக்கா எண்ணத் தொடங்கினார். முதல் வரிசையில் ஓர் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு, பழத்தைச் சுற்றிச் சுற்றி எண்ணுவார். ஒரு பக்கம் சாய்ந்து போகும் வரிசை எட்டு. எதிர்ப்பக்கமாகச் செங்குத்தாக ஏறும் வரிசை பதின்மூன்று. அதே பக்கம் படுத்தாற்போல் போவது ஐந்து. அபூர்வமாக ஒன்றிரண்டு பழங்கள் மாறும். மற்றதெல்லாம் கேரளத்துப் பழமானாலும் வேறு எந்த ஊர்ப் பழமானாலும் அதே கணக்கு. ஐந்தும் எட்டும் கூட்டினால் பதின்மூன்று என்பதை அவர் இரண்டாம் வாரமே பிடித்துவிட்டார்.

"அப்ப எட்டும் பதிமூணும் இருபத்தொண்ணு. அந்த இருபத்தொண்ணு எங்கடா கீது?" என்று என்னைக் கேட்டார்.

அதை அவர் இரண்டு ஆண்டு தேடினார். நித்தியகல்யாணிக்கும் செம்பருத்திக்கும் ஐந்து இதழ். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து அறை. சீதாப்பழத்தைச் சுற்றி எண்ணிப் பார்த்தார், மேடு பள்ளத்தில் கணக்குத் தவறியது. சந்தையில் கூடைக்காரர்கள், "யக்கா, வாங்குறியா, எண்ணிகினே இருக்கப் போறியா?" என்று கேலி செய்தார்கள். அக்கா அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அவர் சிரிக்கிறாரே என்று எங்களுக்கு ஆறுதல். ஆனாலும் தெருவில் சிலர், "புள்ள போனதுல புத்தி பிசகிப்போச்சி" என்று பேசியது அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

எனக்கு எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே அதிகாரிகள் குடியிருப்பில், வேலியோரம், தட்டு அகலத்துக்குச் சூரியகாந்திகள் பூத்திருந்தன. நடுவில் விதைகள் சுருள் சுருளாக இருப்பதைப் பார்த்ததும் அக்காவிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. என்னை இழுத்துக்கொண்டு நேரே எண்ணூர் பஸ் ஏறினார்.

பூக்கள் இருந்த வீட்டின் வாயிற்கதவு திறந்திருந்தது. நான் யாரிடமாவது அனுமதி கேட்கலாம் என்பதற்குள் அக்கா பூவில் ஈர்க்குச்சியைச் செருகிவிட்டார். தோட்டக்காரர் கையில் களைக்கொத்தோடு ஓடிவந்தார்.

"ஏ, யாரும்மா அது? பூவத் திருடவா வந்த?"

"திருட வர்லண்ணா. எண்ண வந்தேன். செத்த இருங்க, கணக்கு வுட்டுப்பூடும்."

சத்தம் கேட்டு அந்த வீட்டு எஞ்சினியர் வெளியே வந்தார். என் வேலை இன்றோடு போயிற்று என்று நினைத்தேன். அக்கா யாரையும் பார்க்கவில்லை. ஒரு பக்கம் எண்ணி முடித்தார். முப்பத்துநான்கு. முகம் வாடிப்போயிற்று. பிறகு எதிர்ப்பக்கச் சுருளை எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார்.

"இருபத்தொண்ணு!" என்று கத்தினார். அடுத்த நொடியே என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பதிமூணும் இருபத்தொண்ணும் எவ்ளோடா? முப்பத்திநாலு! அதுவும் இங்கியே கீதுடா!"

எஞ்சினியர் அருகே வந்தார். "நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?" என்று கேட்டார்.

"எட்டாங்கிளாஸ் சார். பாதியில நின்னுட்டேன்."

அவர் குனிந்து பூவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, இந்த எண்களைப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியில் ஒருவர் எழுதிவைத்துவிட்டார் என்றும், பூக்களிலும் காய்களிலும் அவை வருவதைப் பற்றிப் புத்தகங்களே இருக்கின்றன என்றும் சொன்னார். அக்காவைப் பேசவைத்தது இந்தத் தேடல்தான். இது ஏற்கெனவே ஊரறிந்த சங்கதி என்று தெரிந்தபின் பழையபடி மௌனமாகிவிடுவாரோ என்று பயந்தேன்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "அவரும் இருபத்தொண்ணுதான் சொல்லிகிறாரா சார்?"

"ஆமாம்மா. அதுக்கடுத்து முப்பத்துநாலு. அப்புறம் ஐம்பத்தஞ்சு."

"அப்பாடா" என்றார் அக்கா.

திரும்பும் வழியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். "வருத்தமா கீதாக்கா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு வருத்தம்? எனக்குத்தான் புத்தி கெட்டு, இல்லாதத எண்ணிகினு கீறனோன்னு பயந்துகினு இருந்தேன். மெய்யாலுமே கீதுடா. நான் எண்ணலன்னாலும் அது இருக்கும்." பஸ் திருவொற்றியூரை நெருங்கியபோது, "புள்ளைக்குக் கையில அஞ்சு வெரலும் அழகா இருந்துச்சி. எண்ணிப் பாத்தேன்" என்றார். குழந்தையைப் பற்றி அவர் வாய்திறந்தது அன்றுதான்.

அதற்கு மறு ஆண்டு மகள் பிறந்தாள். எழுபதுகளில் அவள் பள்ளிக்குப் போனபோது, வகுப்பில் சண்டை போடுகிறாள் என்று ஆசிரியை அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். கரும்பலகையில் வரைந்திருந்த செம்பருத்திக்கு ஆறு இதழ் என்பதுதான் சண்டை. அக்கா மறுநாள் ஒரு செம்பருத்தியோடு போய், "கோச்சுக்காதீங்க டீச்சர், எம்பொண்ணு மேலதான் தப்பு. மரியாதையா சொல்லியிருக்கணும்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பூவை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். ஆசிரியை ஓர் இதழை அழித்துவிட்டாராம்.

வண்டி பிறகு கடையாயிற்று. அக்கா கடையைப் பார்த்தார், மகளைப் படிக்கவைத்தார், என் பிள்ளைகளையும் தூக்கி வளர்த்தார். கடைசி மூன்று ஆண்டுகள் சர்க்கரை நோய் அவரைப் படுத்தியது. அப்போதும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. "ஆண்டவர் எதையும் அவசரத்துல செய்யலடா" என்பார். மகளின் கையைப் பிடித்தபடி, ஒரு காலை நேரத்தில் அமைதியாகக் கண்மூடினார்.

அவரைக் கனிவோடு கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், கடைசி மாதம் முழுவதும் தினமும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டு மும்தாஜ் அம்மாவுக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள்கொடுத்த சந்தைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அத்தானுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். அக்கா எண்ணியது எதுவும் அவருக்கு இன்றுவரை புரியாது. அவரே அதை ஒப்புக்கொள்வார். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இல்லறத்தில், வழியில் ஒரு பூவைப் பார்த்து அக்கா நின்றபோதெல்லாம் அவரும் நின்றார். ஒரு நாளும் "போலாம் வா" என்று அவர் அவசரப்படுத்தியதில்லை.