மோசஸும் முப்பத்தெட்டாம் வருட பேக்கார்டும்

மோசஸ் அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என்மேல்தான் கோபம் வருகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எடைமேடையில் எனக்கு வேலை. இரும்பு லாரிகள் ஏறும், சீட்டு கிழித்துக் கொடுப்பேன். எதிர் ஷெட்டில்தான் அந்தக் கார் இருந்தது. 1938இல் அமெரிக்காவில் செய்த பேக்கார்டு. எட்டு சிலிண்டர், ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கக்கூடிய பின்சீட்டு, கண்ணாடி மாதிரி கறுப்பு. இரும்பு வியாபாரம் செய்யும் வெங்கடேசன் முதலாளி அதை ஏதோ ஒரு பங்களாவின் கொல்லையில் கோழி அடைந்துகொண்டிருந்த கோலத்தில் வாங்கிவந்து இறக்கினார். அதை எழுப்பி நிற்கவைத்தவர் மோசஸ். ஆறு வருட வேலை.

மோசஸ் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ரிப்பேரை லாரிக்கு அடியில் படுத்தே கற்றுக்கொண்டவர். கார் வேலை பாதியில் இருக்கும்போது மனைவி மேரி போய்ச் சேர்ந்தாள். ஒரே மகள் சுகிர்தா கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். அத்திப்பட்டு வாடகை வீட்டை விட்டுவிட்டு மனிதர் ஷெட்டிலேயே கட்டில் போட்டுக்கொண்டார். காலையில் எழுந்ததும் காரை ஸ்டார்ட் செய்து, ஓடுகிற எஞ்சின்மேல் டீ டம்ளரை வைப்பார். தளும்பவில்லை என்று தெரிந்த பிறகுதான் குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பினால் மறுநாள் வரை அவர் பேசுவதைக் கேட்க அந்தக் கார் மட்டும்தான். நான் இருந்தேனே என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஞாயிறு எனக்கு லீவு.

போன சித்திரையில் முதலாளி காரை விற்பதாக இணையத்தில் விளம்பரம் போட்டார். மோசஸ் செல்போனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

“படி லோகு.”

அசல் எஞ்சின், அசல் விளக்கு, புதுசாகத் தைத்த சீட்டு, வழியில் நிற்காமல் ஓடும் நிலை என்று எல்லாம் போட்டிருந்தது. படித்தேன்.

“என் பேரு எங்கனா போட்டுக்கீதா அதுல?”

“வண்டி விக்கிற விளம்பரத்துல உம் பேரு எதுக்குணா?”

“அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு அதிலிருந்த காரின் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஹோட்டல் முதலாளி பார்க்க வந்தார். மோசஸ் அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து சிப்காட்டை ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். இறங்கியவர் மோசஸின் தோளைத் தட்டி, “உங்களை மாதிரி ஆளு இருந்தா வண்டிக்கு என்னங்க கவலை” என்றார். அன்றைக்கே விலை பேசி முடிந்தது.

எல்லா வினையும் அந்த ஒரு பேச்சில் வந்தது. லாரி லைனில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி கை மாறினால் டிரைவரும் வண்டியோடு புது முதலாளியிடம் போய்விடுவார். யாரும் தனியாகக் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. மோசஸ் அப்படி ஒரே லாரியோடு மூன்று முதலாளி மாறியவர். தோளைத் தட்டினால் வேலைக்கு வா என்று அர்த்தம் என்றே எடுத்துக்கொண்டார். அடுப்பையும் கட்டிலையும் டீக்கடை கிரேஸுக்குக் கொடுத்தார். வெள்ளைச் சட்டை இரண்டு எடுத்தார். மகளுக்குப் போன் போட்டு, “இனிமே கோயம்புத்தூரும்மா” என்றார்.

இப்படிப்பட்ட காரை வாங்குகிறவர்கள் ஓட்ட வாங்குவதில்லை, ஹோட்டல் வாசலில் நிறுத்தத்தான் வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் மேரி போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், கெட்ட சேதி சொல்லும் வேலை வேறு யாருக்காவது போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

காரை எடுத்துப்போக, கார் ஏற்றும் லாரி ஒன்று வந்து நின்றது. மோசஸ் புதுச் சட்டையோடும் பையோடும் நின்றார். லாரியைப் பார்த்ததும் முகம் மாறியது.

“நானே ஓட்டிக்கினு போயிருப்பேனே மொதலாளி” என்றார்.

“அவ்ளோ தூரமா? ஒரு கீறல் வுழுந்தா யாரு பதில் சொல்றது? நீ மேல ஏத்தி மட்டும் குடுத்துடு மோசஸ்” என்ற வெங்கடேசன் பையைக் கவனித்தார். “ஊருக்கா கெளம்பற? நல்லது. மாசக் கடைசில ஷெட்ட ஒப்படைக்கணும்.”

மோசஸ் பையைக் கீழே வைத்தார். லாரியிலிருந்து சாய்த்த பலகைமேல் காரைப் பூ மாதிரி ஏற்றினார். சக்கரங்களைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டினார்கள். அவர் இறங்கவில்லை. லாரி டிரைவர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, “தச்சூர் கூட்ரோடு வரைக்கும் உக்காந்து வாங்கண்ணா. அதுக்கு மேல டோல்கேட், வுடமாட்டான்” என்றார்.

நான் எடைமேடையைப் பூட்டிவிட்டு, அவர் பையை என் பைக்கில் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். லாரிமேல் கார், காருக்குள் மோசஸ், இரண்டு கையும் ஸ்டியரிங்மேல். கவரைப்பேட்டையில் ஒரு மாடு குறுக்கே வந்தபோது லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மேலே இவரும் அடித்தார். ரோட்டில் போனவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

கூட்ரோட்டில் இறங்கினார். லாரி பாலத்தில் ஏறி மறைந்தது. அப்போது சுகிர்தாவிடமிருந்து போன் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே அவள் குரல் கேட்டது.

“கெளம்பிட்டியா நைனா?”

“கெளம்பிட்டேம்மா. வண்டி ஜோரா போய்க்கினு கீது.”

“யாரு ஓட்றது?”

“நான்தாம்மா ஓட்றேன். வேற யாரு ஓட்டுவாங்க?”

“ஓட்டிக்கினே போன்ல பேசாத நைனா. வை” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அவர் நெடுநேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.