குட்டுகிற பரிசு

நான் ஆசிரியையாக வேலை பார்த்த பள்ளியில், நன்றாகப் பதில் சொல்லும் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கலாமா என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. பென்சில் கொடுக்கலாம், ரிப்பன் கொடுக்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். ஏன் என்று தலைமையாசிரியர் கேட்டார். சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்கள் ஊர் பொன்னமராவதிக்குப் பக்கம். சமஸ்தானம் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ராஜா போனாரே தவிர, ஊரில் பெரிய வீடு அப்படியேதான் இருந்தது. அந்த வீட்டு நிலத்தைத்தான் அப்பா, விளைச்சலில் பங்கு அளக்கிற வாரத்துக்கு உழுதார். அந்த வீட்டுப் பையனும் நானும் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அவனைச் சின்னய்யா என்பார்கள். என் வயசுதான், மூக்கொழுகும் சின்னய்யா.

எங்கள் வாத்தியார் செலவில்லாமல் ஒரு பரிசு வைத்திருந்தார். கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள் வரிசையாக நிற்க வேண்டும். சரியாகச் சொன்னவர், நிற்கிற அத்தனை பேர் தலையிலும் குட்டிக்கொண்டே போகலாம். "இதவிடப் பெரிய பரிசு எந்தப் பள்ளிக்கூடத்துலயாச்சும் உண்டா?" என்று பெருமையாகக் கேட்பார். குட்டுகிற ஆசையிலேயே வாய்ப்பாட்டை உருப்போட்டவர்கள் உண்டு. நானும் அந்த ரகம்தான். சின்னய்யா கெட்டிக்காரன் என்பதால் அவன் நிற்கிற வரிசைக்கு வந்ததே இல்லை.

ஒருநாள், பதினேழு ஒன்பது எவ்வளவு என்று கேட்டார். முன்வரிசை திணறியது. அன்றைக்கு அவனும் திணறினான். என் முறை வந்ததும், "நூத்தி அம்பத்து மூணு சார்," என்று வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன்.

நாலைந்து தலைகளைக் குட்டிவிட்டு அவன் முன்னால் போய் நின்றேன். கை எழும்பவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. பட்டும் படாமலும் தொட்டேன்.

"சத்தம் கேக்கலையே," என்றார் வாத்தியார். பிரம்பு மேசையில் தட்டியது. "பரிசு வேணாமா ஒனக்கு? நீ அவனைக் குட்டலேன்னா நான் ஒன்னைக் குட்டுவேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "குட்டு," என்றான். குட்டினேன். சத்தம் நன்றாகவே கேட்டது.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி ஊர் சுற்றிவிட்டது. அவன் சொல்லியிருக்க மாட்டான். சொல்ல வேறு ஆளா இல்லை? பெரிய வீட்டுக் காரியக்காரர் எங்கள் வாசலில் நின்று, "ஐயா கையோட வரச் சொன்னாங்க," என்று அப்பாவைக் கூட்டிப் போனார். ஆத்தா அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "தவள தன் வாயாலதான் கெடும்," என்று மட்டும் சொன்னாள். நாற்றுப் பாவியிருந்த நேரம். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டால் அந்த வருஷம் எங்களுக்குச் சோறு இல்லை.

விளக்கு வைத்த பிறகு அப்பா வந்தார். "நெலம் இருக்கட்டும்னாங்க. இன்னொரு தடவ கை நீண்டுச்சுன்னா கலப்பையத் தூக்கிக்கிட்டு அங்கிட்டே போயிரணுமாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "பள்ளிக்கூடம் போ தாயி. போயிப் பேசாம இரு," என்றார்.

பேசாமல் இருப்பது என்ன பாடு என்று வாயாடிக்குத்தான் தெரியும். மறுநாளிலிருந்து எதைக் கேட்டாலும், "தெரியாது சார்." விடை தொண்டையில் மீன் முள்ளாக நிற்கும். என்னிடம் வாங்கியவர்களெல்லாம் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். சின்னய்யா பதில் சொன்ன நாட்களில் அவனும் குட்டினான். சத்தம் கேட்கும்வரை வாத்தியார் அவனையும் விடவில்லை. "இந்தப் புள்ளைக்கு மூள மழுங்கிப்போச்சா?" என்று வாத்தியார் சிரிப்பார். அந்த மனுஷருக்குக் காரணம் தெரியாதா என்ன? நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். வாத்தியார் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். சிலேட்டில் போட்டோம். ஒவ்வொருவராக எழுந்து தப்பாகச் சொல்லி, அப்படியே நின்றார்கள். வாத்தியாருக்கு வியர்த்தது. என் சிலேட்டில் விடை சரியாக இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "தெரியாது சார்," என்றேன்.

சின்னய்யாவைக் கடைசிக்கென்று வைத்திருந்தார். எனக்கு முன்னால்தான் அவன் இடம். நின்றபடியே அவன் சிலேட்டைப் பார்த்தேன். அதிலும் சரியான விடை.

"சொல்லு தம்பி. சொல்லிட்டு எல்லாருக்கும் குடு," என்றார் வாத்தியார்.

அவன் எழுந்து, நிற்கிற வரிசையைத் திரும்பிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உள்ளங்கையால் சிலேட்டை அழித்தான்.

"தெரியல சார்."

இன்ஸ்பெக்டர் போனதும் வாத்தியார் அத்தனை தலைகளிலும் தானே குட்டினார். அவன் தலையில்தான் பலமாக விழுந்தது. அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க, நான் நின்ற வரிசையில் அவனும் நின்றான்.